ஆறாம் நம்பர் மலையில் எடுக்காத புதையல்

கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவளுக்குப் பயமே கிடையாது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நினைக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வடக்கில் எட்டு மாதம் மண்டியிட்டு வெடி தேடியபோது வராத பயம், எங்கள் டயகமவில் ஒற்றைக் காதுத் தோட்டைத் தேடப்போய் வந்தது. அதோடு என் வாழ்க்கையும் கொஞ்சம் ஆடிப்போனது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அக்கா செல்வியின் நிச்சயத்துக்காக லீவில் வந்திருந்தேன். வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. மண்ணுக்குள் உலோகம் தேடும் மெஷினை எப்படிப் பிடிப்பது, அது கத்தினால் மண்ணைப் பக்கவாட்டில் எப்படிச் சுரண்டுவது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் உள்ள அத்தனை பேருக்கும் வகுப்பெடுத்தேன். (கேட்காதவர்களுக்கும் சேர்த்துத்தான்.)

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் அம்மா ஃபோன் எடுத்தார். தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ரோட்டுக்கு ஏறும்போது ஒரு காதுத் தோடு விழுந்துவிட்டதாம்.

"தங்கம் தொலையிறது நல்ல சகுனம் இல்லீங்க சம்பந்தி. மொதல்ல தோடு கெடைக்கட்டும். அப்புறமா தேதியப் பேசுவோம்."

அக்கா மூலையில் உட்கார்ந்து அழுதாள். நான் எழுந்து நின்றேன். (உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.)

"நா எதுக்கு இருக்கேன்? ஒரு மெஷின் மட்டும் கெடைக்கட்டும், ஒரு மணித்தியாலத்துல எடுத்துக் காட்டுறேன்."

கிடைத்துத் தொலைத்தது. வலப்பனையிலிருந்து பழைய இரும்பு வாங்க வருகிற ஒருவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "எம் பேர மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க தங்கச்சி" என்றார். இரும்பு வாங்குகிறவருக்கு எதற்கு இவ்வளவு அடக்கம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

தோடு விழுந்ததாகச் சொன்ன ஆறாம் நம்பர் தேயிலை மலையில், பாதையோரமாக நான்கு குச்சி நட்டேன். சிவப்புக் கயிறு கட்டினேன். பயிற்சியில் சொல்லித் தந்தபடி மண்டியிட்டேன். மெஷின் கத்தியது. சோடா மூடி. மறுபடி கத்தியது. டோர்ச் பேட்டரி. அப்புறம் உடைந்த கவாத்துக் கத்தி, தகர டப்பா, ஆணி. அந்த மலையில் இத்தனை காலமாக வேலை செய்தவர்கள் தொலைத்த இரும்பெல்லாம் என் கைக்கு வந்தது. தோடு வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. காலில் அட்டை ஏறியது. பதினேழாவது குழியில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் குழியிலிருந்து எனக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். வெற்றிலையில் தேங்காய், எலுமிச்சம்பழம் வைத்து, குடைக்கு அடியில் கற்பூரம் கொளுத்தினார். "மாரியாத்தா கண்ணத் தொறந்தாத்தான் கெடைக்கும். நீ தோண்டு புள்ள." தேங்காயைக் கொத்தப் பக்கத்து வீட்டுச் சிவப்புச் சேவலும் வந்து நின்றது.

அந்த நேரத்தில்தான் போலீஸ் ஜீப் வந்தது.

இலங்கையில் அப்படியொரு மெஷினை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். புதையல் தோண்டுவது அதைவிடப் பெரிய குற்றம். குழி, சிவப்புக் கயிறு, எலுமிச்சம்பழம், கற்பூரம், பலிக்குச் சேவல். டிவி செய்தியில் காட்டும் புதையல் கும்பலுக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் தயாராக இருந்தது.

"மொகத மே கரன்னே?" என்ன செய்கிறாய் என்று சார்ஜன்ட் கேட்டார்.

எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனால் அந்த நொடியில் தோட்டுக்கான சொல் மட்டும் எங்கோ ஓடிப்போய்விட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்:

"ரத்தரன் ஹொயனவா, மஹத்தயா."

தங்கம் தேடுகிறேன், ஐயா.

இவ்வளவு நேர்மையான குற்றவாளியை அவர் பார்த்ததில்லை போலும். எழுதிக்கொண்டபோது பேனா சந்தோஷமாக ஓடியது. என்னை ஏற்றினார்கள். மெஷினை, பேட்டரிகளை, எலுமிச்சம்பழத்தை, சாட்சிப் பொருளாகச் சேவலையும் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டு ராணியக்கா "ஐயோ எஞ் சேவல்!" என்று வளைவு வரைக்கும் ஜீப்புக்குப் பின்னால் ஓடிவந்தார். எனக்காக ஒருவரும் ஓடவில்லை.

அம்மா ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்தார். பெஞ்சில் அவர் உட்கார்ந்ததும் ஃபோன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா.

"சம்பந்தி, தோடு கெடச்சிருச்சுங்க! ஸ்வெட்டர் நூல்ல மாட்டிக்கிட்டு இருந்துருக்கு. சின்னவ எங்க? நல்ல செய்தி சொல்லணும்."

அம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்தார்.

"அவ வேலையா வெளிய போயிருக்காங்க."

பிணை, கோர்ட், தவணை என்று மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் என்னை எச்சரித்து விடுதலை செய்தார்கள். நான் வேலை செய்த நிறுவனம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. இரண்டே வரி. முதல் வரியில் நான் அவர்களிடம் வேலை பார்த்தவள் என்று இருந்தது. இரண்டாவது வரியில் இனிமேல் இல்லை என்று இருந்தது. அக்காவின் கல்யாணம் மட்டும் குறித்த தேதியில் நடந்தது. நான் இப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன்.

சேலை வாங்க வருகிற எங்கள் தோட்டத்துப் பெண்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் குனிந்து, "மெய்யாலுமே எவ்வளவு கெடச்சிச்சு?" என்று கேட்கிறார்கள். வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்ட அன்று ஊரே வந்து அண்ணாந்து பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனது. அத்தான் என்னைப் 'புதையல்' என்றுதான் கூப்பிடுகிறார். அக்கா பிள்ளைகளுக்கு என் நிஜப் பெயரே தெரியாது.

அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். போன மாதம் நானும் அம்மாவும் தனியாக இருந்தபோது, கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பதினேழு குழிக்கும் குடை பிடித்த அதே அம்மா.

"எங்கிட்டயாவது சொல்லு புள்ள. அன்னைக்கி ஏதாச்சும் கெடச்சிச்சா?"