பல்ஸ் பார்க்கும் பெலிக்ஸ்

அளவெடுக்கும் உறவினர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமலிருக்க முடியாது. நோயாளியைப் பார்க்க எல்லோரும் ஆரஞ்சுப் பழத்தோடு வருவார்கள். இவர் பேட்டரியோடு வருவார்.

திண்டுக்கல் நாகல் நகர் பெலிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டர் பார்த்து ஓய்வுபெற்றவர். 2006இல் அவருடைய அக்கா அன்னாளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்து கீமோ தொடங்கியபோது, குவைத்திலிருந்த மகனிடம் சொல்லி, மணிக்கட்டில் கட்டினால் பிரஷரும் பல்ஸும் காட்டும் கருவி ஒன்றை வரவழைத்தார். அன்றோடு அக்காவை மறந்தார். அக்காவின் கையை மட்டும் வைத்துக்கொண்டார்.

காப்பிக்கு முன் ஒன்று, காப்பிக்குப் பின் ஒன்று, ஜெபமாலை நடுவே ஒன்று என்று கட்டிக் கட்டிப் பார்த்து, நலம் விசாரிக்க வந்தவர்களையும் விடாமல் கட்டி, பால்காரர் அழகரை உட்காரவைத்து, "ஒமக்கு உப்பு ஆகாதுய்யா" என்று தீர்ப்பும் சொல்லி அனுப்பினார். மறுநாளிலிருந்து அழகர் பாலை வாசலில் வைத்துவிட்டு ஓடினார்.

அக்காவிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டாரா? எதற்குக் கேட்பது? கருவி இருக்கிறதே!

மூன்றாவது கீமோ முடிந்த வாரம், ஒரு மத்தியானம், அன்னாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பெலிக்ஸ் கட்டினார். பல்ஸ் நூற்று முப்பது.

"இருக்காதே!"

பேட்டரியை மாற்றிக் கட்டினார். இன்னும் இரண்டு கூடியது. தன் கையில் கட்டினார், எழுபத்தெட்டு.

"பாத்தியா, எனக்குச் சரியாக் காட்டுது. ஒங் கைக்கு வந்தாத்தான் மிஷினு கோளாறு பண்ணுது. செத்த நேரம் ஆடாம இரு, அக்கா."

"ஏலே, நானா ஆடுறேன்? குளுருல ஆடுது." அன்னாளுக்குப் பல் கிட்டித்தது. "அதக் கழட்டிப் போட்டுட்டு நெத்தியத் தொட்டுப் பாருடா."

"நெத்தியில நம்பர் எங்கக்கா தெரியுது?"

அடுப்படியிலிருந்து வந்த மகள் நான்சி அம்மாவின் கழுத்தைத் தொட்டாள். கை சுட்டது. கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"மாமா, மிஷினு சரியாத்தான் இருக்கு. நீங்க போயி ஆட்டோவக் கூப்டுங்க!"

அப்போதுதான் பெலிக்ஸின் முகம் வெளுத்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பட்டை கட்டாமல் அந்தக் கையைப் பிடித்தது அன்றுதான்.

கிருமித் தொற்று. ஒரு வாரம் நரம்பில் மருந்து ஏறி, அன்னாள் பிழைத்து வீடு வந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "பல்ஸப் பாத்து மொத ஆளாக் கண்டுபிடிச்சதே நாந்தேன்" என்றார் பெலிக்ஸ். அன்னாள் சிரித்தார். கையை மட்டும் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே உங்கள் விரல் இரண்டு சத்தமில்லாமல் உங்கள் மணிக்கட்டைத் தேடிப் போனதே, அதை நான் பார்க்கவில்லை என்று நினைத்தீர்களா?