முத்திரைச் சாமியும் இடது காதும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. கீழே துணி வெளுக்கும் கடை. நான்காவது மாடியில் நடனப் பள்ளி. வாரத்தில் ஆறு நாள் அங்கே குழந்தைகள் குதிப்பார்கள். ஏழாவது நாள் பெரியவர்கள் விழுவார்கள். முத்திரைச் சாமியின் காலில்.

வரிசை மாடிப்படி இறங்கி, வெளுப்புக் கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தம் வரை நீளும். வெல்டர், சமையல்காரர், கம்ப்யூட்டர்காரர், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் அக்கா என்று எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் பாஸ்போர்ட் நகல். எல்லோர் மனதிலும் ஒரே கேள்வி. வேலை விசா நீட்டித்துக் கிடைக்குமா, மூட்டை கட்டிச் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டியதுதானா?

சாமி சொல்லிவிடுவார். அரசாங்கத்தின் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிடுவார். கிடைக்கும் என்றால் கிடைத்தது. கிடைக்காது என்றால் கிடைக்கவில்லை. ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. மழை வரும் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளும் வானிலைக்காரர்கள் வந்து பாடம் கேட்க வேண்டிய துல்லியம்!

வாசலில் சிஷ்யர் மடிக்கணினியுடன் உட்கார்ந்திருப்பார். பெயர், நட்சத்திரம், விண்ணப்ப எண் எல்லாம் எழுதித் தர வேண்டும். கடைசியாக விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டு.

"பாஸ்வேர்டு எதுக்குங்க?" என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டார்.

"சாமி சூட்சும உடம்போட போய் உங்க ஃபைலைப் பார்க்கணும்ல? கதவு பூட்டியிருந்தா எப்படிப் போவாரு?"

ஏழு லோகத்தையும் தாண்டுகிற சூட்சும உடம்பு எட்டு எழுத்துப் பாஸ்வேர்டைத் தாண்டாதாம். கேட்டவர் பயபக்தியோடு எழுதிக் கொடுத்தார். பிறகு உள்ளே போனால் சாமி ஒரு வட்ட ரப்பர் முத்திரையைக் குங்குமத்தில் தோய்த்து நெற்றியில் 'டக்' என்று குத்துவார். "நான் சொல்ற வரைக்கும் கணக்கைத் திறக்காதே. எட்டிப் பார்த்தா அருள் கலைஞ்சுடும்." அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் ஊரில் பாதிப் பேர் தபாலில் போட்ட பொட்டலம் மாதிரி வேலைக்குப் போவார்கள்.

சாமியின் பக்தர்களிலேயே பெரிய பக்தர் லிஃப்ட்காரர். மின்தூக்கி பழுது பார்ப்பது அவர் தொழில். மூன்று முறை சோதிக்காமல் ஒரு கதவை மூட விடமாட்டார். ஒரு திருகாணி தளர்ந்த சத்தத்தை இரண்டு மாடிக்கு அப்பாலிருந்து கேட்டுவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் சாமியிடம் மட்டும் எதையும் சோதிக்கவில்லை. காரணம் இருந்தது. அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று சாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணீரோடு சொன்னார். செவ்வாய்க்கிழமை, கம்பெனி மேலாளர் கூப்பிட்டு, கம்பெனிக்கு வந்த நிராகரிப்புக் கடிதத்தின் நகலைக் கையில் கொடுத்தார்.

வேறு யாராக இருந்தாலும் கடிதத்தைப் படித்திருப்பார்கள். லிஃப்ட்காரர் மெய்சிலிர்த்தார். "சொன்னாரு பாருங்க! சொன்ன மாதிரியே கிடைக்கல!" என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னார். விசா போன துக்கத்தைவிட சாமி வாக்கு பலித்த சந்தோஷம் பெரிதாக இருந்தது. கடிதம் மடித்தபடியே கருவிப் பெட்டிக்குள் போனது.

அந்த நாட்டில் இருந்தபடியே மறுபடி விண்ணப்பிக்க இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. அதுவும் போனால் ஐந்து வாரத்தில் கிளம்ப வேண்டும். மகள் இரண்டாம் வகுப்பில் அப்போதுதான் எழுத்துக்கூட்டிக் கதை படிக்க ஆரம்பித்திருந்தாள். லிஃப்ட்காரர் புது விண்ணப்பம் போட்டார். போட்ட கையோடு புது எண்ணையும் புதுப் பாஸ்வேர்டையும் சிஷ்யரிடம் ஒப்படைத்துவிட்டு, நெற்றியில் முத்திரையோடு வீட்டுக்கு வந்தார்.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் இரண்டு குழாயில் ஊற்றிப் பார்க்காமல் வாய் திறக்காத பெண். மறுநாள் சாயங்காலம் ஸ்க்ரூ டிரைவர் தேடிக் கருவிப் பெட்டியைத் திறந்தவள் கடிதத்தை எடுத்தாள். நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தாள்.

"என்னங்க, இதைப் படிச்சீங்களா?"

"படிக்க என்ன இருக்கு? சாமிதான் முன்னாடியே சொல்லிட்டாரே."

"உங்க தொழிற்சான்றிதழ் நகல் வேணும்னு போன மாசம் நாலாம் தேதி கடிதம் போட்டிருக்காங்க. பத்து நாள்ல பதில் வரலைன்னுதான் நிராகரிச்சிருக்காங்க. அந்தக் கடிதம் உங்களுக்கு வந்துச்சா?"

"வரலையே."

"எப்படி வரும்? இங்க பாருங்க, தொடர்பு மின்னஞ்சல்னு போட்டிருக்கு. இது யாரோட முகவரி?"

லிஃப்ட்காரர் பார்த்தார். தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அருள்முத்திரை' என்று தொடங்கும் ஒரு முகவரி இருந்தது. பீரோவைப் பார்த்தார். அதன் இரண்டாம் தட்டில், நீல ஃபைலில், அவருடைய தொழிற்சான்றிதழின் ஆறு நகல்கள் சும்மா தூங்கிக்கொண்டிருந்தன.

முகம் வெளுத்தது. ஆனால் பக்தி அவ்வளவு சீக்கிரம் வெளுக்குமா?

"சாமி ஏதோ நல்லதுக்குத்தான் மாத்தியிருப்பாரு. அவரு ஞானக்கண்ணுல..."

"சரி, ஞானக்கண்ணா மின்னஞ்சலான்னு பார்த்துடலாம்" என்றாள் அவள். சண்டை போடவில்லை. முதல் வேலையாகப் புது விண்ணப்பக் கணக்கைத் திறக்கச் சொன்னாள். அருள் கலைந்துவிடும் என்று அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவளே திறந்தாள். அதிலும் முகவரி மாறியிருந்தது. அதைத் திருத்தினாள், பாஸ்வேர்டையும் மாற்றினாள். பிறகு இரண்டு கடிதம் எழுதினாள்.

ஒன்று, சாமியின் முகவரிக்கு. விண்ணப்ப எண்ணைப் போட்டு, 'மேற்படி விண்ணப்பதாரரின் இடது காதின் அளவுச் சான்று குறைகிறது. நோட்டரி கையொப்பத்துடன் உடனே அனுப்பவும்' என்று எழுதி, 'இப்படிக்கு, விண்ணப்பதாரரின் மனைவி' என்று முடித்தாள்.

"அடியில உன்னையே போட்டுட்டியே!"

"நாளைக்கு யாரும் நான் பொய்க் கடிதம் எழுதினேன்னு சொல்லக் கூடாது பாருங்க."

இரண்டாவதைக் கணவரின் சொந்த முகவரிக்கு அனுப்பினாள். அதில் இருந்ததைக் கணவரிடமும் காட்டவில்லை.

ஞாயிறு வந்தது. எங்கே போனாலும் விடாத கருவிப் பெட்டியோடு வந்த லிஃப்ட்காரர், நடனப் பள்ளிக் கட்டடத்தின் மின்தூக்கியை ஒரு பார்வை பார்த்தார். "இதுல யாரும் கை வெச்சு மூணு வருஷம் ஆகியிருக்கும். படியிலயே போயிடலாம்" என்றார். ஏறினார்கள்.

நடனப் பள்ளியின் நான்கு சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சாமி தெரிவார். நடுவில் அசல் சாமி, காவி வேட்டியும் கறுப்புக் கோட்டுமாக உட்கார்ந்திருந்தார். சிஷ்யர் காதில் ஏதோ சொன்னதும், லிஃப்ட்காரரைக் கூப்பிட்டார். கண்ணை மூடினார். உடம்பு ஆடியது. கண்ணாடியிலிருந்த அத்தனை சாமியும் ஆடினார்கள்.

"மகனே... ஒரு குறை தெரியுது. ஒரு உறுப்பு தெரியுது. காது... இடது காது! அதை அளக்கணும்... அளந்து... நோட்டரி கையெழுத்து வாங்கி உடனே அனுப்பணும்!"

கூட்டம் 'ஆ!' என்றது. சமையல்காரர் அப்போதே தன் காதை விரலால் சாண் போட ஆரம்பித்தார். "அண்ணே, வலது காது வேண்டாமாமா?" என்று கம்ப்யூட்டர்காரர் கவலையோடு விசாரித்தார். ஒருவருக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இதுவரை கேட்கப்பட்ட காகிதங்களைப் பார்த்தால், காது அடுத்த படிதான்.

லிஃப்ட்காரருக்கு மட்டும் காது இரண்டும் சுட்டன. எத்தனை நாள்! எத்தனை பேரிடம் பெருமை!

மனைவி எழுந்தாள். "சாமி, காதுல பூச்சுத்தறவர் நீங்க. அதான் காதையே அனுப்பி வெச்சேன்" என்று சொல்லி, தன் கைபேசியிலிருந்த கடிதத்தை முதல் எழுத்திலிருந்து உரக்கப் படித்தாள். 'இப்படிக்கு, விண்ணப்பதாரரின் மனைவி' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படித்தாள். "ஞானக்கண்ணுக்குக் கடைசி வரி தெரியலையோ?"

"அக்கா, சாமி உங்க மனசுல இருந்ததைப் படிச்சிருக்காரு!" என்றார் சமையல்காரர். விரல் இன்னும் காதிலேயே இருந்தது.

"நல்லதாப் போச்சு. அதே நாள்ல, அதே மனசோட, இவரு முகவரிக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். அதுல எந்த உறுப்பைக் கேட்டிருக்கேன்? சாமி சொல்லட்டும். இங்கேயே கால்ல விழறேன்."

சாமி கண்ணை மூடினார். திறந்தார். சிஷ்யரைப் பார்த்தார். சிஷ்யர் மடிக்கணினியைப் பார்த்தார். மடிக்கணினிக்கும் தெரியவில்லை.

"மூ... மூக்கு?" என்றார் சாமி.

லிஃப்ட்காரர் தன் கைபேசியைத் திறந்து கடிதத்தைப் படித்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. "மூளை" என்றார். "எங்கே வெச்சிருக்கேன்னு கேட்டு எழுதியிருக்கா." கூட்டத்தில் முதல் சிரிப்பு அவருடையதுதான். அது அழுகை மாதிரி இருந்தது. சிரித்துவிட்டுச் சாமியின் முன்னால் போய் நின்றார்.

"போன தடவை சான்றிதழ் கேட்டுக் கடிதம் வந்துச்சே, சாமி. உங்க கைக்குத்தானே வந்துச்சு? ஏன் சொல்லல?"

"அந்த... அந்த வாரம் நான் மௌன விரதம், மகனே."

அப்போதுதான் கூட்டத்துக்கு உறைத்தது. கைபேசிகள் வெளியே வந்தன. அருள் கலைந்தது, கணக்குகள் திறந்தன. ஒவ்வொரு கணக்கிலும் அதே 'அருள்முத்திரை'. முதியோர் இல்லத்து அக்கா திடீரென்று கத்தினார். "ஐயோ! எனக்கு மருத்துவச் சான்று கேட்டு ஆறு நாளா ஒரு கடிதம் கெடக்கு! இன்னும் நாலு நாள்தான் இருக்கு!"

அந்தச் சந்தடியில் சாமியும் சிஷ்யரும் காணிக்கை உண்டியலோடு நழுவினார்கள். படியில் ஆள்கூட்டம். மின்தூக்கிக்குள் பாய்ந்து பொத்தானை அழுத்தினார்கள். அது மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது.

எல்லோரும் லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள். அவர் வேலையை வேலையாகப் பார்க்கிற ஆள். கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாருப்பா அது? கதவு எப்போ திறக்கும்?"

"அது உங்களுக்குத் தெரியாததா, சாமி?" என்றார் லிஃப்ட்காரர். ஆனாலும் பத்தே நிமிடத்தில் திறந்துவிட்டார்.

வெளியே வந்த சிஷ்யரை மடிக்கணினியோடு உட்காரவைத்து, ஒவ்வொருவர் முகவரியையும் திருப்பி மாற்ற வைத்தார்கள். மறுபடி அதே வரிசை, அதே படிக்கட்டு. இந்த முறைதான் அதில் நின்றவர்களுக்குப் பலன் கிடைத்தது. அக்கா வரிசையில் நிற்கவில்லை, நேரே மருத்துவமனைக்கு ஓடினார். போலீஸ் வந்தபோது சாமி நிஜமாகவே மௌன விரதத்தில் இருந்தார்.

லிஃப்ட்காரருக்கு அடுத்த வாரம் அதே சான்றிதழைக் கேட்டுக் கடிதம் வந்தது. நீல ஃபைலிலிருந்து எடுத்து அன்றே அனுப்பினார். விசா கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது மூன்று வருட நீட்டிப்பு வந்தது. கடிதத்தை மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

மறுநாள் வேலையிடத்தில் வெல்டர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, வாழ்த்துகள்! எப்படிண்ணே கிடைச்சுது? புதுசா எந்தச் சாமி?"

"சாமியெல்லாம் இல்லப்பா. கடிதம் வந்துச்சு, படிச்சேன், கேட்டதை அனுப்பினேன்."

வெல்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரிண்ணே. எந்தக் கிழமை படிச்சீங்க? எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்து படிச்சீங்க?"

லிஃப்ட்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, வேலை செய்ய விசா வேணும், தங்க விசா வேணும். யோசிக்கிறதுக்கு மட்டும் எந்த நாட்டுலயும் விசா கேக்கறதில்ல. கொஞ்சம் யோசியேன்."