மீன் ஆறுகிறதே என்று தாரை வார்த்த துப்பறிவாளர்

கொன்னகர்,
சிராவண மாதம், மழை விடாத ஒரு புதன்கிழமை

நோய் நொடியில்லாமல் நூறாண்டு வாழ வேண்டிய மாப்பிள்ளை அர்க்யதீப்புக்கு, மாமனார் நித்யகோபால் சாதுகான் மனமார வாழ்த்தி எழுதிக்கொள்வது. காளி அன்னை தயவில் நானும் உங்கள் மாமியாரும் இங்கே நலம். அங்கே நீங்களும் என் மகள் ஜுமுரும் நலமாக இருக்க வேண்டும். மழைக்காலம், தெருவில் விற்கும் ஃபுச்கா பூரியைத் தின்ன வேண்டாம், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று விற்பவனுக்கே தெரியாது. மரியாதைகள் முடிந்தன. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் துர்லப் சாமந்தாவைத் திருப்பிக் கொடுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் கூப்பிட்டால், “பாபா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்கிறீர்கள். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. பிரித்தால் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஜாமாய் சஷ்டி அன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. மாப்பிள்ளைக்கு விருந்து போடும் நாள். உங்கள் மாமியார் உங்கள் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டி, பனை விசிறியை நனைத்து விசிறி, ஆட்டுக்கறி, கடுகு அரைத்துவிட்ட இலிஷ் மீன், மாம்பழம், லிச்சி, தயிர், சந்தேஷ் என்று தட்டைச் சுற்றிக் கிண்ணங்களைக் கோட்டை மாதிரி அடுக்கிவிட்டு உட்கார்ந்தாள். நீங்கள் சாப்பிட்டிருக்க வேண்டும். நான் பாட்டுக்கு என் தட்டில் பாதி மீனைத் தாண்டிவிட்டேன். நீங்கள் மட்டும் கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “பாபா, ஒண்ணு கேக்கணும். நீங்க இல்லைன்னு சொல்லக்கூடாது” என்றீர்கள். அன்றைக்கு மாப்பிள்ளை கை தட்டை விட்டு விலகினால் அந்த வீட்டுக்கு என்ன பேர் வரும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதானே அந்த நேரம் பார்த்துக் கேட்டீர்கள்? “எங்க கம்பெனி தொடர் எடுக்கப் போகுது, உங்க கதைல வர்ற துர்லபைக் குடுங்க” என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் மாமியார் விசிறியை என் பக்கம் நீட்டிவிட்டாள்.

“குடுத்துடுங்களேன்! துர்லப் என்ன, நீங்க பெத்த பிள்ளையா? மீன் ஆறுது!”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன்.

“இலிஷை ஆறவிட்டு என்ன யோசனை வேண்டிக் கிடக்கு?”

மீன் ஆறுகிறதே என்றுதான் சரி சொன்னேன். நீங்கள் உடனே பையிலிருந்து காகிதத்தை எடுத்தீர்கள். என் வலது கை முழுக்கக் கடுகுக் குழம்பு. இடது கையால் கையெழுத்துப் போட்டேன். நித்யகோபால் என்பது நித்யகோழி மாதிரி விழுந்திருக்கிறது. கங்கைக்கரை நாட்டில் இடது கையால் கொடுத்தது எதுவும் கொடுத்ததாகாது, வாங்கினது எதுவும் வாங்கினதாகாது, கடைக்காரன் சில்லறையைக் கூட இடது கையில் வாங்கமாட்டான் என்று உங்கள் கம்பெனி வக்கீலிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் சட்டத்தில் கைக் கணக்கு இல்லை என்கிறார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்திருந்தால் இன்றைக்குத் துர்லப் என்னிடம் இருந்திருப்பான்.

சரி, கொடுத்தது கொடுத்தாயிற்று, நன்றாக வைத்துக்கொண்டீர்களா? என் துர்லப் யார்? ஓய்வு பெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகன். தட்டைப் பாதம், ஓட முடியாது. அஜீரணம். எந்நேரமும் சட்டைப் பையில் ஓமத் தண்ணீர் பாட்டில். டிக்கெட் இல்லாதவன் முகத்தை முப்பது வருஷம் பார்த்தவன் என்பதால், பொய் சொல்கிறவனை ஒரு ஏப்பம் விடும் நேரத்தில் பிடித்துவிடுவான். விதவை அக்கா கேந்தி சமைத்துப் போடுவாள், திட்டுவாள், கேஸைப் பாதி அவளே முடித்துவைப்பாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ரிஷ்ரா சணல் ஆலையில் மூட்டை எடை போட்டுக்கொண்டே, பொரி கட்டி வந்த காகிதங்களைப் படித்து எழுதக் கற்றவன். எனக்குத் தெரிந்த மனிதனைத்தான் எழுதினேன். வருஷா வருஷம் துர்கா பூஜை மலரில் ஹூக்ளிக் கரை முழுக்க அவனைப் படித்தார்கள்.

உங்கள் தொடரில் அவனுக்கு இருபத்தெட்டு வயது! வயிற்றில் கட்டம் கட்டமாகச் சதை! ஹவுரா பாலத்திலிருந்து குதிக்கிறான், நனையாமல் கரையேறுகிறான், மோட்டார் சைக்கிளில் ஏறி மழையில் சட்டையில்லாமல் போகிறான். கேந்தி அக்காவுக்குக் கழுத்தில் தேள் பச்சை குத்தி, அடுத்தவன் கம்ப்யூட்டரை உடைத்துத் திருடுகிற பெண்ணாக்கிவிட்டீர்கள். போச்சாவின் டீக்கடையில் பையன்கள் என்னைப் பார்த்தாலே, பெரியப்பா முறை சொல்லி, பாட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

“ஜேட்டு, உங்க துர்லப் நேத்து மூணு பேரச் சுட்டான்!”

“என் துர்லபுக்குத் துப்பாக்கி சத்தம் கேட்டாலே வயத்தக் கலக்கும்டா.”

“அதான் ஜேட்டு, இப்ப அவனுக்கு வயிறே இல்லையே, ஒட்டிப் போச்சு!”

நான் மாற்றவே கூடாது என்று சொல்கிறவன் இல்லை, தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு அப்போது பால்பல் கூட முளைத்திருக்காது, ஆராம்பாக் பக்கத்து ஜாத்ரா நாடகக் கம்பெனி ஒன்று என்னைக் கேட்காமலே துர்லபை மேடையேற்றியது. அதில் துர்லப் ஹார்மோனியத்துக்குப் பாடினான், கொலைகாரனும் கூடவே பாடினான், பிணம் கூட ஒரு சரணத்துக்கு எழுந்து உட்கார்ந்தது. எதிர்த்துச் சண்டை போடத்தான் போனேன். முதலாளி என்னைக் கண்டதும் திரைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து காலில் விழுந்து, என்னை அண்ணனாக்கி, “திருடிட்டேன் தாதா, ஆனா பாருங்க, ஜனம் எப்படி அழுதுன்னு!” என்றான். பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தது ஜனம். ஏனென்றால் அவன் துர்லபைப் பாடவைத்தானே தவிர, ஓமத் தண்ணீரைப் பிடுங்கவில்லை. பாட்டுக்கு நடுவில் குடித்தான். திருடியவன் காலில் விழுந்தான். உரிமை வாங்கிய நீங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறீர்கள். இதுதான் நாகரிகம் முன்னேறிய கதை.

ஆமாம், நோட்டீஸ். இந்த வருஷப் பூஜை மலருக்குத் துர்லப் கதை பாதி எழுதியிருந்தேன். ஆசிரியர் பிபூதி போன் செய்தார்.

“நித்யா தா, உக்காந்திருக்கீங்களா?”

“மழையில எங்க போறது? சொல்லுங்க.”

“உங்க மாப்பிள்ளை கம்பெனிலேருந்து கடிதாசி. இனிமே அவங்க அனுமதி இல்லாம யாரும் துர்லப் கதை எழுதக்கூடாதாம்.”

“நல்லதுதானே. கண்டவன் எழுதக்கூடாது.”

“யாரும்னா, நீங்களும்தான் தாதா.”

மாப்பிள்ளை, என் வீட்டுக் கிணற்றில் நான் தண்ணீர் சேந்த உங்களிடம் சீட்டு வாங்க வேண்டும் என்பது மாதிரி இருக்கிறது. அதனால்தான் மழையோடு மழையாக லோக்கல் ரயில் பிடித்து சால்ட் லேக்குக்கு உங்கள் வக்கீலைப் பார்க்க வந்தேன். சின்னப் பிள்ளை, பாவம், எனக்கு டீயெல்லாம் கொடுத்தார். காப்புரிமை என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கினார். ஆசிரியர் இறந்து அறுபது வருஷம் ஆனபின் யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாமாம்.

“அப்ப நான் செத்து அறுபது வருஷம் ஆனா, நான் துர்லபை எழுதலாமா?” என்று கேட்டேன்.

வக்கீல் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். “சட்டப்படி தடை இல்லை சார்” என்றார்.

அந்த அறுபது வருஷக் கணக்கு எனக்கு ஏற்கனவே ஓட ஆரம்பித்துவிட்டதோ என்னவோ, அது தெரியவில்லை. ஏனென்றால் மறுநாளே போச்சா கடைப் பையன்கள் செல்போனில் ஏதோ இயந்திரத்தைக் காட்டினார்கள். கேட்டால் எழுதித் தருமாம். “நித்யகோபால் சாதுகான் மாதிரி ஒரு துர்லப் கதை எழுது” என்று தட்டினார்கள். டீ ஆறுவதற்குள் முழுக்கதை வந்துவிட்டது. தலைப்புக்குக் கீழே, “மறைந்த எழுத்தாளர் நித்யகோபால் சாதுகான் பாணியில்” என்று போட்டிருந்தது.

“ஜேட்டு, நீங்க செத்துட்டீங்களாம்!”

“எப்படா?”

“தேதி போடல.”

“கேளுடா அதை.”

கேட்டார்கள். அது உடனே மன்னிப்புக் கேட்டது. நீங்கள் சொல்வது மிகச் சரி, அவர் உயிருடன்தான் இருக்கிறார், சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்றது. சண்டைக்கே வராத ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? சமாதானமாகி அரை பிஸ்கட் தின்பதற்குள் போச்சா வேறு விதமாக ஒரு கேள்வி கேட்டான், அது மறுபடி என்னைக் கொன்றது, இந்தத் தடவை நெஞ்சு வலியில். கதையையும் படித்தேன். துர்லப் முள்கரண்டியால் இலிஷ் சாப்பிட்டுக்கொண்டே கொலைகாரனிடம் இரண்டு பக்கம் பேசுகிறான். இலிஷை வாயில் வைத்துக்கொண்டு எந்த வங்காளி பேசியிருக்கிறான்? தொண்டையில் ஒரு முள் கூடக் குத்தாத ஜென்மத்துக்கு மௌனம் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? பையன்கள் மட்டும், “பரவால்ல ஜேட்டு, நல்லாத்தானே இருக்கு” என்றார்கள். அதுதான் எனக்கு நிஜமாகவே வலித்தது. அவனை நான் எழுதாவிட்டால் கொஞ்ச நாளில் இதுதான் துர்லப் என்று ஊர் நம்பிவிடும். மோட்டார் சைக்கிள்காரனும் முள்கரண்டிக்காரனும் இருப்பார்கள், என் ஆள் இருக்கமாட்டான். எனக்குப் பின்னால் அவன் இருப்பான் என்றுதானே மாப்பிள்ளை நான் இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கினேன்?

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். ஒன்று துர்லபைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பூஜை மலருக்கு நான் எழுத அனுமதி வாங்கித் தர வேண்டும். இரண்டும் முடியாதென்றால் உங்கள் தொடரை இந்தக் கண்ணால் பார்க்கமாட்டேன், உங்கள் கம்பெனி வாசலை மிதிக்கமாட்டேன், அடுத்தவன் பெற்றதைச் சொந்தம் கொண்டாடுகிற கூட்டத்தோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அடுத்த ஜாமாய் சஷ்டிக்கு இலிஷ் கிடையாது, ஆந்திராவிலிருந்து ஐஸில் வரும் ருயி மீன்தான். இதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உங்கள் மாமியார், “ருயியா? என் மாப்பிள்ளைக்கா? உங்களுக்கு வேணா அதைப் போடறேன்” என்றாள். இந்த வீட்டிலும் என் உரிமை எந்த அளவில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். நான் சொன்ன சொல்லிலிருந்து இறங்குகிறவன் இல்லை.

உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். ஜுமுருக்கு ஆசிகள். குடையில்லாமல் ஆபீஸ் போக வேண்டாம். அன்னை உங்கள் இருவரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலமே நாடும்
நித்யகோபால் சாதுகான்

பின்குறிப்பு: கவரில் பசை தடவிக்கொண்டிருக்கும்போது ஜுமுர் போன் செய்தாள். தொடரின் அடுத்த பாகத்தில் துர்லபுக்கு ஒரு அப்பா வருகிறாராமே. டைரக்டர் வயசான ஆள் தேடுகிறார் என்றதும், “எங்க மாமனாரையே கூப்பிடுங்க, துர்லபுக்கு நிஜ அப்பா அவர்தானே” என்று நீங்கள் சொன்னீர்களாம். உங்களைப் பற்றி நான் மேலே எழுதியதையெல்லாம் வயசான மனுஷன் மழையில் நனைந்த எரிச்சலில் எழுதியது என்று எடுத்துக்கொள்ளவும். மறுபடி எழுதக் கை வலிக்கிறது, அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

வசனத்தை ஜுமுர் படித்துக் காட்டினாள். “போ மகனே, வென்று வா!” என்று சொல்ல வேண்டுமாம். எந்த அப்பன் அப்படிப் பேசுவான்? “எங்க போற? மழை வருது, மஃப்ளர் எங்க?” என்று மாற்றியிருக்கிறேன். பையன் சட்டையில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை, மஃப்ளரைக் கழுத்தில் நானே சுற்றிவிடுகிறேன். கேமராவை ஓடவிட்டால் போதும். என் சட்டை அளவு உங்கள் மாமியாருக்குத் தெரியும். தொடரின் பழைய பகுதிகளைப் பார்க்க ஜுமுர் கொடுத்த பாஸ்வேர்டு ஏழாம் பகுதியோடு நின்றுவிட்டது, சரிசெய்து கொடுக்கவும்.

இன்னொன்று. நான் எழுதிய எந்தக் கதையிலும் துர்லபுக்கு அப்பா கிடையாது. இவர் முழுக்க முழுக்க உங்கள் கம்பெனி உண்டாக்கிய ஆள், எனக்கு இவரில் சல்லிக்காசு உரிமை இல்லை. ஆனால் ஜுமுர் சொல்லச் சொல்ல ஆளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இன்று பிற்பகல் உட்கார்ந்து, மகனை விடப் பெரிய துப்பறிவாளராக அவரை வைத்து ஒரு கதை எழுதி முடித்துவிட்டேன். பிபூதி பூஜை மலரில் முதல் கதையாகப் போடுகிறார். உங்கள் வக்கீல் பிள்ளையிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். முதலில் படப்பிடிப்பு முடியட்டும்.