தலையணைக் கடைக்கு வந்த நன்னடத்தை

எங்கள் தலையணைக் கடையில் பல வருடங்களாக நன்னடத்தை இல்லாமலே வேலை நடந்து வந்தது. காலையில் வருவோம், தலையணை செய்வோம், மாலையில் வீட்டுக்குப் போவோம். இது எவ்வளவு பெரிய குறை என்பது ஒரு பெரிய ஹோட்டல் ஆயிரம் தலையணை கேட்டபோதுதான் தெரிந்தது. நன்னடத்தைச் சான்றிதழ் இல்லாத கடையின் தலையணையில் தங்கள் விருந்தினர் தலை வைக்க மாட்டார்களாம்.

முதலாளி ஓர் ஆலோசகரைப் பிடித்து வந்தார். அவர் அறுபது பக்க விதிப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். ஏதோ பன்னிரண்டு மாடி அலுவலகத்துக்கு எழுதியதை எங்கள் ஒற்றை அறைக்கு ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தார். லிஃப்டில் எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று ஒரு விதி. இங்கே லிஃப்ட் இல்லை என்றோம். பரணில் சாத்தியிருந்த ஏணியைப் பார்த்தார்.

"அப்போ இதுல எட்டுப் பேருக்கு மேல ஏறாதீங்க."

கடையில் முதலாளியையும் சேர்த்து நாலே பேர். மற்ற மூவர் தையல்காரர், பஞ்சு அடைக்கும் அக்கா, சீட்டு எழுதி ஒட்டும் நான். புகார்க் குழுவுக்கு ஐந்து பேர் வேண்டும் என்பதால் முதலாளி தலைவராக ஒருமுறை, உறுப்பினராக ஒருமுறை கையெழுத்திட்டார். ஒருவர்மேல் மூன்று புகார் சேர்ந்தால் வேலை போகும் என்றும் இருந்தது.

"மூணா! அதுக்கு நான் இன்னொரு ஜென்மம் எடுக்கணும்" என்று அக்கா சிரித்தாள்.

மாதக் கடைசியில் ஆலோசகர் புகார்ப் பெட்டியைத் திறந்தார். காலி.

"ஏன் புகார் இல்ல?"

"குறை ஒண்ணும் இல்லீங்களே" என்றார் தையல்காரர்.

"புகார் இல்லைன்னா பயத்துல வாயடைச்சுக் கிடக்கீங்கன்னு அர்த்தம். பயம் இருக்கிற இடத்துக்குச் சான்றிதழ் கிடையாது. மாசம் ஒண்ணாவது வேணும்."

"கடிகாரம் மெதுவா ஓடுதுங்க."

"மனுஷங்க மேல!"

முதலாளிமேல் எழுத யாருக்கும் தைரியமில்லை. தையல்காரர் முன்கோபி, கையில் கத்தரிக்கோல் வேறு. என்மேல் எழுத எனக்கே மனம் வரவில்லை.

"என் மேலயே எழுதுப்பா. நான் என்ன தேய்ஞ்சா போயிடுவேன்?" என்றாள் அக்கா. இளிச்சவாயர் ஒருவர் இல்லாமல் எந்த நிர்வாகமும் ஓடாது.

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "மேற்படியார் பஞ்சு அடைக்கையில் முணுமுணுத்துப் பாடுகிறார்" என்று எழுதினேன். ஆலோசகர் பூரித்துப் போனார். அடுத்த மாதம், "மேற்படியார் தம் சாப்பாட்டில் ஒரு பங்கை, முன் அனுமதி பெறாமல், சக ஊழியரின் டப்பாவில் வைக்கிறார்" என்று எழுதினேன். அந்தப் பங்கைத் தின்று வாயைத் துடைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

மூன்றாம் மாதம் அக்கா என்னிடம் வந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"தம்பி, இந்த வாட்டி வேற யார் மேலயாவது எழுதேன். இந்த வேலைய விட்டா எனக்கு வேற கதியில்லடா."

"சும்மா பேருக்குத்தானேக்கா! முதலாளி பாத்துக்குவாரு."

சொல்லிவிட்டு எழுதினேன்: "தொடர்ந்து புகாருக்கு உள்ளாகியும் மேற்படியார் சிரித்த முகமாகவே இருக்கிறார்."

குழு கூடியது. முதலாளிக்கு இரண்டு பதவி என்பதால் இரண்டு கையையும் தூக்கினார். தையல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினார். நானும் தூக்கினேன். குற்றம் சாட்டப்பட்டவர் நடுநிலை காக்க வேண்டும் என்று விதி இருந்ததால் அக்கா சும்மா நின்றாள்.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே" என்றார் முதலாளி. விதியைக் காசு கொடுத்து வாங்கி வந்தவர் அவர்தான். பத்தொன்பது வருட வேலையை விட்டு அக்கா காலி டப்பாவோடு படியிறங்கினாள். அவளுடைய பங்கு அன்றும் என் டப்பாவில் இருந்தது.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினோம். ஹோட்டலின் ஆர்டரும் வந்தது. ஆயிரம் தலையணைக்குப் பஞ்சு அடைக்கத்தான் ஆளில்லை. தையல்காரர் அடைத்த ஒன்றில் தலை வைத்துப் பார்த்த முதலாளிக்கு இரண்டு நாள் கழுத்து திரும்பவில்லை.

மாதக் கடைசியில் ஆலோசகர் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"இப்போ இங்க யாருக்கும் பயம் இல்லையே?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் "இல்லைங்க!" என்றோம் மூவரும்.

"அப்போ இந்த மாசப் புகார்?"

சொல்லி வைத்தாற்போல் மூவரின் கையும் சட்டைப் பைக்குப் போனது. முதலாளியும் தையல்காரரும் ஆளுக்கொரு தாள் எடுத்தார்கள். நான் ஆளுக்கொன்றாக இரண்டு எழுதி வைத்திருந்தேன்.