செந்தட்டிக் கஷாயம் கொடுத்த வகையில்

மதிப்பிற்குரிய மச்சானுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே இருவரும் நலம். அவள் நலத்தில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள் என்பதால் கடிதம்.

காலில் ரத்தம் கட்டியதற்கு, ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் அவளுக்கு மாத்திரை கொடுத்தது உங்களுக்குத் தெரியும். அத்தோடு மூட்டுவலி என்றும் முனகினாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் பேச்சைக் கேட்டு, தண்டவாளத்தோரம் செந்தட்டி பறிக்கப் போனேன். பட்டாலே தீயாய் எரியும் செடியை வெறுங்கையால் பறித்ததில், இரண்டு நாள் எனக்குச் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள். கொதிக்கவைத்தால் அரிப்பு போய்விடும், இலைதானே, என்ன செய்துவிடப் போகிறது? முப்பது வருடம் கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்தியவன் நான். வேளைக்கு இருபது கிராம் சரியாக நிறுத்துக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். "வலி தேவலைங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "டாக்டருக்கு இதெல்லாம் பிடிக்காது, மூச்சு விடாதே" என்று சொல்லியும் வைத்தேன்.

மாதப் பரிசோதனையில் மாத்திரை வேலை செய்யவில்லை என்று வந்தது. "ஒழுங்காப் போடுறீங்களாம்மா? ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா?" என்று டாக்டர் அவளைக் கடிந்து அளவைக் கூட்டினார். "ஒரு வேளைகூட விட்டதில்ல டாக்டர்" என்று கண்கலங்கினாள். "வேற ஏதாவது குடிக்கிறாங்களா?" என்று என்னைக் கேட்டார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமும் அதே திட்டு, அதே கூட்டல், அதே மின்விசிறி. போன வாரம் மருந்துக் கடைக்காரரிடம் வாயை விட்டேன். "அந்த இலை மாத்திரையை வேலை செய்யவிடாது சார், யார் குடுக்கச் சொன்னது?" என்றார். அன்றே இலையெல்லாம் குப்பைக்குப் போயிற்று. டாக்டரிடம் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. அவள் வாங்கிய திட்டுக்கெல்லாம் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்?

ஆகவே பிரச்சினை தீர்ந்தது. நீங்கள் கிளம்பி வர வேண்டாம். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டும்போது கூப்பிட்டாள். பல் துலக்கியதில் கசிந்த ரத்தம் அரைமணியாக நிற்கவில்லை. கைகாலெல்லாம் நீலம் பூத்திருக்கிறது; எங்கேயோ இடித்துக்கொண்டதாக நினைத்தாளாம். மருந்துக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "இலையை நிறுத்தினதும் மாத்திரை முழுசா வேலை செய்யுமே, கூட்டினதைக் குறைக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்றார். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது. மேலே உள்ளதை நம்பாமல், இது கிடைத்த உடனே புறப்பட்டு வாருங்கள். இன்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் இவளிடம் சொல்ல வேண்டும். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, "நான்தான் மாத்திரையை மாத்திப் போட்டுட்டேன் போலிருக்கு. டாக்டர் திட்டினா நீங்க பக்கத்துலயே இருங்க" என்கிறாள்.