முகமில்லாத சம்மந்தி

அதிகம் பேசாதவளை எல்லாரும் நல்லவள் என்று நம்பிவிடுகிறார்கள். நான் வார்லி ஓவியம் கற்றுக்கொள்ளும் வரை என்னையும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள்.

ஆரம்பாக்கத்தில் எங்கள் மகளிர் குழுவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வந்தார். மகாராஷ்டிரா பக்கத்து வார்லி மக்கள் வீட்டுச் சுவரில் வரைவதாம். செம்மண் பூசிய சுவரில் அரிசிமாவுக் கரைசல். மூங்கில் குச்சிதான் பிரஷ். முனை முட்டுகிற இரண்டு முக்கோணம் உடம்பு, ஒரு வட்டம் தலை. பெண் என்றால் சின்னதாக ஒரு கொண்டை. கண், மூக்கு, வாய் கிடையாது. அதுதான் எனக்குப் பிடித்துப்போனது. (அஞ்சாங்கிளாஸ் படித்தவள் கண் மூக்கு வைத்தால் அது மனுஷ முகமாகவா இருக்கும்?)

"கண்ணால பார்த்ததை வரைங்கம்மா" என்றார் டீச்சர்.

மருமகள் ஷீலாவுக்கு வளைகாப்பு வர இருந்தது. "அத்தை, நம்ம ஊட்டு கூடத்துலயே வரைங்க. எங்கம்மா பார்த்தா அசந்துடுவாங்க" என்றாள். அவள் அம்மா, அதாவது என் பெரியபாளையத்து சம்மந்தி, எங்கள் வீட்டில் எதையும் பார்த்து அசந்ததில்லை. இந்தத் தடவையாவது ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று சுவரோடு சுவராகக் கிடந்தேன்.

வரைந்தது என் மகன் கல்யாணம். தண்ணீர் தூக்குகிறவர், காய் நறுக்குகிறவர், பந்தி பரிமாறுகிறவர் என்று முக்கோணங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒரே ஒரு அம்மா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டி வேலை ஏவினாள். பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன். முகம் இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

வளைகாப்பு அன்று சம்மந்தி சுவர் முன்னால் நின்றார். "பரவால்லியே" என்று ஆரம்பித்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அதற்குள் அவர் தங்கை கிட்டே போய்ப் பார்த்தாள்.

"யக்கா, ஃபேனாண்ட குந்திக்கினு இருக்கிறது நீதான?"

"மூஞ்சியே இல்ல, இன்னாடி நானுன்ற?"

"மூஞ்சி இன்னாத்துக்கு? கல்யாணத்துல அந்த ஃபேனை உன்னாண்டேர்ந்து யாராவது திருப்ப முடிஞ்சுதா?"

கூடமே சுவர்ப் பக்கம் திரும்பியது. பெண்ணை அழைத்துப்போக வந்தவர், கோபித்துக்கொண்டு போனால் ஷீலா முகத்தில் எப்படி முழிப்பேன்? என் வீட்டுக்காரர் காப்பாற்றுவதாக நினைத்து, "அது உங்க ஊரு அம்மன், சம்மந்தி. குந்திக்கினு அருள் குடுக்குது" என்றார். (டேபிள் ஃபேன் வைத்துக்கொண்ட அம்மன்.)

சம்மந்தி இடுப்பில் கை வைத்துச் சுவரை நெருங்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஃபேனு சரி. என் கொண்டை எங்க? அன்னிக்கு எம்மாம் பெரிய கொண்டை போட்டேன், இன்னா கடுகாட்டம் வெச்சிக்கிறீங்க?"

கொண்டையைப் பெரிதாக்கும் வரை யாரும் வளையல் போடவில்லை. எல்லார் முன்னாலும் அவசரமாகக் குச்சியைச் சுழற்றியதில், அது தலையைவிடப் பெரிதாக வந்துவிட்டது. சம்மந்தி முகத்தில் அப்போதுதான் திருப்தி.

பேச ஆரம்பித்த பேத்தி சுவரைக் காட்டி அவருக்கு வைத்த பெயர் 'ஃபேன் ஆயா'. இன்றும் வந்தவுடன் காற்றைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "குச்சிய எடுங்க சம்மந்தி, குந்திட்டேன்" என்கிறார். அந்தப் 'பரவால்லியே'வை மட்டும் இன்னும் முடிக்கவில்லை.