மொரப்பூர் பிரெஞ்சு

"பேச வரலையாம்! யாருக்கு? என் பொண்ணுக்கு!"

அப்துல் ரஷீத் கையிலிருந்த ஏரோகிராமைக் கல்லாப்பெட்டி மேல் ஓங்கி அடித்தார். பாலக்கோட்டில் மெத்தைக் கடை வைத்திருப்பவர் அவர். அடித்த அடியில் கடையிலிருந்த பஞ்சு எழும்பி, அவர் தாடியிலேயே வந்து உட்கார்ந்தது.

கடிதம் பாரிஸிலிருந்து மாப்பிள்ளை ஹபீப் எழுதியது. மாப்பிள்ளை காரைக்கால்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், அங்கே கார் தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகி வஹிதா அங்கே போய் ஆறு மாதமாகிறது. இன்னும் பிரெஞ்சு வாயில் நுழையவில்லை. ரொட்டி வாங்கக்கூட விரலைத்தான் நீட்டுகிறாள், மற்ற நேரமெல்லாம் அறைக்குள் உட்கார்ந்து அழுகிறாள். ரம்ஜானுக்குள் நாலு வார்த்தை பேசவில்லையென்றால் ஊருக்கு அனுப்பிவிடுகிறேன், கொஞ்ச காலம் உங்களோடு இருக்கட்டும் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

அந்தக் 'கொஞ்ச காலம்' எத்தனை வருஷம் நீளும் என்று பெண்ணைப் பெற்றவருக்குத் தெரியாதா?

"வூட்ல உருது, தெருவுல தமிழு, ஓசூர் சந்தையில கன்னடம், மெத்தை தைக்க வர்றவங்ககிட்ட தெலுங்கு. நாலு பாஷை பேசுற புள்ளைக்கு அஞ்சாவது வராதா?" என்று பொரிந்தார் ரஷீத்.

"இங்க நின்னு கத்தினா அங்க வந்துடுமா? ஆகுறதப் பாருங்க" என்றாள் மனைவி ஜான் பீ.

ஆகிறதைப் பார்க்க அவர் சேலத்துக்கு பஸ் ஏறினார். 'முப்பதே நாளில் பிரெஞ்சு' என்ற புத்தகத்தை வாங்கி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். அந்தப் புத்தகத்தில் வெங்காயம் இல்லை, உப்பு இல்லை. வேட்டை இருந்தது. வஹிதா பாடத்தை ஒப்பித்துக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போய், 'என் மாமாவின் துப்பாக்கி மேஜை மேல் இருக்கிறது' என்று பிசகில்லாமல் சொன்னாள். கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூடிவிட்டார்.

"நல்லாப் பேசியிருக்கா, அதுக்குப் போய்க் கடைய மூடறானே! மனுஷனா அவன்?" என்று மாப்பிள்ளையின் அடுத்த கடிதத்தைப் படித்து ரஷீத் கொதித்தார்.

மொரப்பூர் ஸ்டேஷன் வாசலில் டீக்கடை நடத்தும் பச்சியப்பனைப் பற்றி யாரோ சொன்னது அப்போதுதான். வாலிபத்தில் கப்பலேறி, சைகோனில் ஒரு பிரெஞ்சு ராணுவத் துரை வீட்டில் பதினோரு வருஷம் சமையல் செய்தவராம். ரஷீத் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மறுநாளே மொரப்பூரில் போய் இறங்கினார்.

"பிரெஞ்சுங்களா?" பச்சியப்பன் டீ வடிகட்டியை உதறினார். "அடுப்படியில அதத்தாங்க பேசுனோம். சந்தைக்குப் போனாலும் அதேதான். தொரைசாணியம்மாவே எங்கிட்ட அதுலதான் திட்டுவாங்க."

ரஷீத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. துரைசாணியே திட்டிய பாஷை! இதற்கு மேல் என்ன வேண்டும்?

பச்சியப்பன் பேசப் பேச டேப் ஓடியது. ஏறி இறங்கி, ராகம் போட்டு இழுத்தார்.

"பாட்டு மாதிரி இருக்குதேப்பா?"

"பிரெஞ்சுன்னா அப்படித்தாங்க. ராகம் தப்பினா அர்த்தம் தப்பிடும். அதுக்கு ரொம்ப அடி வாங்கியிருக்கேன்."

கேசட் போய்ச் சேர்ந்தது. ஒரு மாதத்தில் பதில் வந்தது. வஹிதா அதை இரவு பகலாகக் கேட்டு மனப்பாடம் செய்து ரொட்டிக் கடையில் பேரமே பேசினாளாம். கடையிலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். 'மாமா, தயவுசெய்து அந்த வாத்தியாரை நிறுத்துங்கள்' என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார்.

ரஷீத் கடிதத்தோடு மொரப்பூருக்கு ஓடினார்.

"பாப்பா மெல்லமாப் பேசியிருக்கும்ங்க. சந்தையில பேசறாப்ல தொண்டையத் தொறக்கணும்" என்றார் பச்சியப்பன்.

இரண்டாவது கேசட்டில் அவர் தொண்டையைத் திறந்த திறப்பில், ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் சண்டை என்று நினைத்து ஓடி வந்தார்கள். வஹிதா குடியிருப்புச் சீட்டுப் புதுப்பிக்கப் போன ஆபீஸில் அப்படியே தொண்டையைத் திறந்தாள். அதிகாரி போலீசைக் கூப்பிட்டுவிட்டார்.

அடுத்து வந்தது தந்தி. 'இருபதாம் தேதி டிக்கெட். வஹிதா வருகிறாள்.'

ஜான் பீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரஷீத்துக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"அவங்க பாஷை அவங்களுக்கே விளங்கல, அதுக்கு என் பொண்ணு குத்தவாளியா? அவனுங்க ஒழுங்காப் படிச்சிருக்கணும்!"

இருபதாம் தேதி மகள் வரவில்லை. கடிதம்தான் வந்தது, வஹிதாவின் கையெழுத்தில்.

'அப்பா, டிக்கெட்டை ரத்து பண்ணிட்டாங்க. எங்க தெருவுல புதுசா ஒரு காய்கறிக் கடை தொறந்தாங்க. கடைக்கார அம்மாகிட்ட கேசட்ல இருக்கிற மாதிரி கத்திரிக்கா விலை கேட்டேன். அவங்க தராசைக் கீழ போட்டுட்டு என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டாங்க. இப்போ அந்தக் கடையிலேயே எனக்கு வேலை. வர்றவங்க எல்லாருகிட்டயும் நான்தான் பேசுறேன். சம்பளம் வருதுன்னதும் உங்க மாப்பிள்ளையும் சிரிக்கிறாங்க. வாத்தியாருக்கு என் சலாம் சொல்லுங்க.'

ரஷீத் கடையை மூடிவிட்டு பாலக்கோடு முழுக்க அல்வா கொடுத்தார். பச்சியப்பனுக்கு ஒரு இலவம்பஞ்சு மெத்தை போனது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கடிதத்தின் ஓரத்தில் மாப்பிள்ளை பொடி எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'மாமா, அந்தக் கடையைத் தவிர வேறு எங்கும் இவள் பேச்சு எடுபடவில்லை.'

"எடுபடலையாமே!" மறுபடியும் கல்லாப்பெட்டிக்கு அடி விழுந்தது. "சம்பளம் குடுத்துக் கேக்குறாங்க, இவருக்கு எடுபடலையாம்! பிரெஞ்சு தெரிஞ்சவங்ககிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பறேன், அப்பத் தெரியும்!"

தர்மபுரியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே நர்ஸாக இருந்த லூர்துமேரி பாண்டிச்சேரிக்காரர், ஜெபத்தையே பிரெஞ்சில் சொல்பவர் என்று பேர். ரஷீத் டேப் ரிக்கார்டர், கேசட், வெள்ளைத்தாள், பேனா, சாட்சிக்குப் பச்சியப்பன் என்று சகலத்தோடும் போய் நின்றார்.

கேசட் ஓடியது. லூர்துமேரி முதலில் புருவத்தை உயர்த்தினார். பிறகு சிரித்தார். கத்திரிக்காய் பேரம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரெஞ்சின் அழகு அப்படி என்று ரஷீத் பச்சியப்பனைப் பெருமையோடு பார்த்தார்.

"சிஸ்டர், இது சுத்தமான பிரெஞ்சுன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. மாப்பிள்ளை இனி வாயத் தொறக்கக் கூடாது."

லூர்துமேரி பேனாவை மூடி வைத்தார்.

"பாய், சொந்த ஊர் பாண்டிச்சேரின்னாலும் நான் பொறந்து வளந்ததே சைகோன்லதாங்க, இது அங்க காய்கறிக்காரங்க பேசற வியட்நாம் பாஷை. ஆமா, உங்க பொண்ணு இருக்கிறது பிரான்ஸ்லன்னு அந்தப் புள்ளைக்கு யாராச்சும் சொன்னீங்களா?"